ஸ்வீடன் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த 4,047 பேர்: எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

எடைக் குறைப்பு அறுவைச் சிகிச்சையைப் பற்றிய விளம்பரங்களில் இரண்டு புகைப்படங்கள் இருக்கும். ஒன்று அறுவைக்கு முன் எடுத்தது, மற்றது ஓராண்டு கழித்து எடுத்தது. நாற்பது வயதில் தன் இரைப்பையை மாற்றியமைக்கச் சம்மதிக்கும் ஒருவருக்கு அந்த ஓராண்டுக் கணக்கு போதாது. ஐம்பதில் எடை எங்கே நிற்கும், போன சர்க்கரை நோய் அறுபதில் திரும்பி வருமா, பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் அளவுக்கு ஆயுள் நீளுமா என்பவைதான் அவர் கேட்க வேண்டிய கேள்விகள். அவற்றுக்கு உள்ள விடைகளில் மிகப் பொறுமையாகத் திரட்டப்பட்டது ஸ்வீடனிலிருந்து வந்தது. அங்கே 1987இல் தொடங்கிய ‘ஸ்வீடிஷ் ஒபீஸ் சப்ஜெக்ட்ஸ்’ ஆய்வை மருத்துவ உலகம் எஸ்.ஓ.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறது. கடும் உடல் பருமனுக்கு அறுவைச் சிகிச்சை எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை, என்ன விலை கேட்கிறது என்பதை இந்த ஓர் ஆய்வைக் கொண்டே பார்க்க முயல்கிறேன்.

நம்பிக்கை குறைந்திருந்த காலம்

ஆய்வு பிறந்தபோது இந்த அறுவைக்கு நல்ல பெயர் இல்லை. ஆய்வின் தலைமையிடமான கோதென்பர்க் நகரில்தான் 1952இல் விக்டர் ஹென்ரிக்சன் என்ற அறுவை மருத்துவர், பருமனைக் குறைப்பதற்காக ஒருவரின் சிறுகுடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார். 1950களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சிறுகுடலின் பெரும்பகுதியைத் தாண்டி உணவை அனுப்பும் முறை உருவானது. எடை இறங்கியது உண்மை. ஆனால் சத்துகளை உறிஞ்ச வேண்டிய குடல் வேலையின்றிக் கிடந்ததால் ஓயாத வயிற்றுப்போக்கும், சிறுநீரகக் கற்களும், சிலருக்குக் கல்லீரல் செயலிழப்பும் வந்தன. 1970களின் முடிவில் மருத்துவர்கள் அந்த முறையைக் கைவிட்டார்கள். அதைச் செய்துகொண்ட பலருக்குக் குடலை மீண்டும் பழைய நிலைக்கு இணைக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் 1966இல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கினார். இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாகப் பிரித்து, அதை நேரடியாகச் சிறுகுடலோடு இணைப்பது அதன் அடிப்படை. பின்னர் 1980 வாக்கில் அவரே இன்னும் எளிய ஒரு முறைக்கு வந்தார். குடலைத் தொடாமல், இரைப்பையை மட்டும் செங்குத்தாக ஸ்டேப்ளரால் பிரித்து, வெளியேறும் வாயைச் சுற்றி ஒரு பட்டையை இடுவது. ஸ்வீடனின் ஆய்வில் அதிகம் செய்யப்பட்டது இந்தப் பட்டையிட்ட முறைதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எண்களைப் படிப்பதற்கு அது தேவைப்படும்.

கோதென்பர்க்கின் சால்க்ரென்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த லார்ஸ் ஷோஸ்த்ரோம் கேட்க நினைத்த கேள்வி எளிமையானது: பருமனானவர் வேண்டுமென்றே எடையைக் குறைத்தால் அவருடைய ஆயுள் கூடுமா? கூடும் என்றே எல்லோரும் நம்பினார்கள். நிரூபித்தவர் ஒருவரும் இல்லை. எடை குறைந்தவர்களில் மரணம் அதிகம் என்று காட்டிய கணக்கெடுப்புகள்கூட இருந்தன. ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டு மெலிந்தவர்களும் அவற்றில் கலந்திருந்தார்கள். இந்தச் சிக்கலை அவிழ்க்க, வேண்டுமென்றே பெருமளவு எடையைக் குறைத்து அதைப் பல்லாண்டுகள் தக்கவைத்தவர்களின் கூட்டம் ஒன்று தேவைப்பட்டது. அப்படி ஒரு கூட்டத்தை உருவாக்க அறுவையை விட்டால் வேறு வழி அன்று இருக்கவில்லை.

சீட்டுக் குலுக்க அனுமதி இல்லை

மருத்துவ ஆய்வில் சிறந்த முறை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல ஆட்களை இரு குழுக்களாகப் பிரிப்பது. ஸ்வீடனின் நெறிமுறைக் குழுக்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் காலத்தில் பருமனானவர்களுக்குச் செய்யும் அறுவையில் நூற்றுக்கு ஒருவரிலிருந்து ஐவர் வரை இறந்துகொண்டிருந்தார்கள். அத்தகைய ஆபத்தை ஒருவர் மீது சீட்டால் சுமத்த முடியாது என்றார்கள். அந்த மறுப்பு ஆய்வின் வலிமையைக் குறைத்தது என்றாலும், அன்றைய நிலையில் அது சரியான மறுப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

எனவே வேறு வழி கண்டார்கள். அறுவையை விரும்பிக் கேட்ட 2,010 பேர் ஒரு குழு. அறுவையை விரும்பாத, ஆனால் மற்ற எல்லாவற்றிலும் அவர்களை ஒத்த 2,037 பேர் மறு குழு. வயது, பாலினம், எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், மன இயல்பு என 18 அம்சங்களைக் கணினியில் இட்டு இரு குழுக்களின் சராசரிகளும் நெருங்கி வரும்படி ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் 37 முதல் 60 வயதுக்குள் இருந்தவர்கள். ஆண்களுக்கு உடல் நிறை எண் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ.) 34, பெண்களுக்கு 38 என்பது கீழ் எல்லை. பத்தில் ஏழு பேர் பெண்கள். 25 அறுவைப் பிரிவுகளும் 480 ஆரம்ப சுகாதார நிலையங்களும் இதில் பங்கேற்றன. 2001 ஜனவரி வரை ஆள்சேர்ப்பு நடந்தது.

பொருத்திய பிறகும் ஒரு வேறுபாடு முளைத்தது. அறுவைக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த இடைவெளியில் எடை கூடியது. மற்றவர்களுக்குச் சற்றே குறைந்தது. ஆய்வு தொடங்கிய நாளில் அறுவைக் குழுவினரின் சராசரி எடை சுமார் 121 கிலோ, ஒப்பீட்டுக் குழுவினருடையது சுமார் 115 கிலோ. புகைப்பவர்களும் அறுவைக் குழுவில்தான் அதிகம். அதாவது அதிக ஆபத்தில் இருந்தவர்கள்தான் கத்திக்குப் போனார்கள். பின்னர் கிடைத்த நன்மையை எடைபோடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்வீடனில் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. மரணம், மருத்துவமனைச் சேர்க்கை, புற்றுநோய் எல்லாம் அந்த எண்ணின்கீழ் தேசியப் பதிவேடுகளில் ஏறிவிடும். 2007இல் முதல் ஆயுள் கணக்கை வெளியிட்டபோது, நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் மூன்றே மூன்று பேரைத் தவிர மற்ற அனைவரும் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்பது தெரிந்திருந்தது. நம் ஊரில் அறுவை முடிந்து இரண்டாம் ஆண்டிலேயே நோயாளியின் தொலைபேசி எண் மாறிவிடுகிறது. எண்களை விடவும் இந்தப் பதிவேட்டு ஒழுங்கைப் பார்த்துத்தான் நான் அதிகம் ஏங்குகிறேன்.

அசையாத கோடு

எஸ்.ஓ.எஸ். வெளியிட்ட வரைபடங்களில் எல்லோரும் பார்ப்பது செங்குத்தாக இறங்கும் அறுவைக் குழுவின் கோடுகளை. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மேலே இருக்கும் ஒப்பீட்டுக் குழுவின் கோட்டை. அந்தக் குழுவினர் தங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் வழக்கமான சிகிச்சை பெற்றார்கள். சிலருக்கு உணவு, உடற்பயிற்சி, நடத்தைப் பயிற்சி எல்லாம் கிடைத்தன. சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. எடை பதிவுசெய்யப்பட்ட 15 ஆண்டுகளில் அவர்களுடைய சராசரி எடை இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

ஸ்வீடன் நல்ல சுகாதார அமைப்பு உள்ள நாடு. இவர்கள் தாமாக முன்வந்து ஓர் ஆய்வில் சேர்ந்தவர்கள். எடையைக் குறைக்க வேண்டும் என்று அறியாதவர்கள் அல்லர். பலர் பலமுறை குறைத்துமிருப்பார்கள். ஆனால் குறைந்தது திரும்பி வந்தது. கடும் பருமன் உள்ளவரைப் பார்த்து ‘வாயைக் கட்டு, நட’ என்று சொல்லி அனுப்பும் உறவினரும், அதையே சற்று நாகரிகமாகச் சொல்லும் மருத்துவரும் இந்தக் கோட்டை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காரணம் உடலில் இருக்கிறது. எடை குறையும்போது கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் குறைகிறது. மூளை அதைப் பஞ்சம் வந்ததாகப் படிக்கிறது. இரைப்பை சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் கூடுகிறது. ஓய்வில் உடல் செலவழிக்கும் ஆற்றலும் எடைக்கு ஏற்ற அளவைவிடக் கீழே போகிறது. பசி அதிகம், செலவு குறைவு என்ற இந்த நிலை சில வாரங்களில் ஓய்ந்துவிடுவதில்லை, ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. மனவுறுதி உள்ளவர்களும் இதனோடு தினமும் போராட வேண்டியிருக்கிறது.

மூன்று முறைகள், மூன்று கதைகள்

அறுவை செய்துகொண்ட 2,010 பேரில் 1,369 பேருக்கு மேசனின் பட்டையிட்ட முறை, 376 பேருக்கு இரைப்பையின் மேல் வளையம் பொருத்தும் முறை, 265 பேருக்கு மட்டும் பைபாஸ். முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடை மிகக் கீழே இறங்கியது: பைபாஸில் 32 சதவீதம், பட்டையிட்ட முறையில் 25, வளையத்தில் 20. பிறகு எல்லோருக்கும் எடை சற்று ஏறியது. எட்டு முதல் பத்து ஆண்டுகளுக்குள் அந்த ஏற்றம் நின்றது. பதினைந்தாம் ஆண்டில் நிலைமை இது: பைபாஸில் 27 சதவீதக் குறைவு, பட்டையிட்ட முறையில் 18, வளையத்தில் 13.

பைபாஸ் ஏன் தனித்து நின்றது? மற்ற இரண்டும் வழியைக் குறுக்குவதோடு நிற்பவை. வழி குறுகினால் திட உணவு தங்கும், வாந்தி வரும். ஐஸ்கிரீமும் இனிப்புப் பானமும் தடையின்றி இறங்கும். உடலின் பசி அப்படியே இருக்க, வாயை மட்டும் மறித்ததன் விளைவு அது. பைபாஸில் உணவு சிறுகுடலின் கீழ்ப்பகுதியைச் சீக்கிரம் எட்டுகிறது. அங்கிருந்து ஜி.எல்.பி.-1, பி.ஒய்.ஒய். போன்ற ஹார்மோன்கள் சாப்பாட்டுக்குப் பின் பல மடங்கு சுரந்து, போதும் என்ற உணர்வை மூளைக்குக் கொண்டுபோகின்றன, இன்சுலினையும் தூண்டுகின்றன. அறுவை முடிந்த சில நாட்களில், எடை கணிசமாகக் குறையும் முன்பே, சர்க்கரை நோயாளியின் இன்சுலின் ஊசி அளவைக் குறைக்க வேண்டியிருப்பது இதனால்தான். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து, மீதியை ஒரு குழாய்போல ஆக்குவது ஸ்லீவ் முறை. இன்று உலகில் அதிகம் செய்யப்படும் அந்த முறையிலும், கிரெலினை அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதி அகற்றப்படுவதால், பசியே குறைகிறது.

வளையத்தின் கதை வருத்தமானது. 26 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தபோது, வளையம் பொருத்தியவர்களில் சுமார் 41 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டது. பட்டையிட்ட முறையில் 28 சதவீதம். பைபாஸில் ஏழரை சதவீதம் மட்டுமே. முதல் அறுவையிலேயே எளிமையானதும் குறைந்த ஆபத்து உள்ளதும் என்று தேர்ந்தெடுத்தவர்கள்தான் மறுபடி மேசைக்கு வந்தார்கள். இந்த இரண்டு முறைகளும் இன்று ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டன. ஓராண்டுப் புகைப்படத்தில் இவற்றின் குறை தெரிந்திருக்காது.

ஆயுள், சர்க்கரை, இதயம்

2007இல் வந்த கணக்கில், சராசரியாகப் பதினொரு ஆண்டுகளுக்குள் ஒப்பீட்டுக் குழுவில் 129 பேரும் அறுவைக் குழுவில் 101 பேரும் இறந்திருந்தார்கள். மாரடைப்பால் இறந்தவர்கள் ஒப்பீட்டுக் குழுவில் 25, அறுவைக் குழுவில் 13. புற்றுநோயால் முறையே 47, 29. வேண்டுமென்றே குறைத்த எடை ஆயுளைக் கூட்டுகிறது என்பதற்கு நேரடியான சான்று அப்போதுதான் வலுவாகக் கிடைத்தது. 2020இல், இருபது ஆண்டுகளையும் தாண்டிய கணக்கு வந்தது. அறுவை செய்துகொண்டவர்களின் இடைநிலை ஆயுள் மற்றவர்களைவிட 3 ஆண்டுகள் கூடியிருந்தது. ஆனாலும் பொதுமக்களோடு ஒப்பிட்டால் அது ஐந்தரை ஆண்டுகள் குறைவாகவே இருந்தது. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொல்பவர் விற்கிறார். இரண்டாவதை மட்டும் சொல்பவர் மிரட்டுகிறார். பல பத்தாண்டுகள் பருமனோடு வாழ்ந்த இரத்தக் குழாய்களும் சிறுநீரகமும் அறுவை நாளன்று புதிதாகிவிடுவதில்லை. பெரும்பாலோருக்குச் செய்யப்பட்டது வலுக்குறைந்த பழைய முறை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சர்க்கரை நோயில் மாற்றம் இன்னும் பெரியது. தொடக்கத்தில் நோய் இல்லாதவர்களில், 15 ஆண்டுகளில் ஒப்பீட்டுக் குழுவில் 392 பேருக்கும் அறுவைக் குழுவில் 110 பேருக்கும் அது புதிதாக வந்தது. ஏற்கெனவே நோய் இருந்தவர்களில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் அது விலகியிருந்தது. பதினைந்தாம் ஆண்டில் விலகிய நிலையில் இருந்தவர்கள் 30 சதவீதம் மட்டுமே. ‘சர்க்கரை நிரந்தரமாகப் போய்விடும்’ என்று உறுதியளிப்பவர்களிடம் இந்த இரண்டாவது எண்ணைக் கேளுங்கள். அதே வேளையில், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் பின்விளைவுகள் அறுவைக் குழுவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. நோய் திரும்பினாலும் இடையில் கிடைத்த நல்ல ஆண்டுகள் உடலைக் காத்திருக்கின்றன.

இந்த ஆய்வு சொன்னவற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனி வருவது. யாருக்கு நன்மை அதிகம் என்று அலசியபோது, உடல் நிறை எண் அதைக் கணிக்கவில்லை. 45 உள்ளவருக்கு 38 உள்ளவரைவிட இதய நன்மை கூடுதல் என்று இல்லை. தொடக்கத்தில் இரத்தத்தில் இன்சுலின் அதிகம் இருந்தவர்களுக்கே அதிக நன்மை கிடைத்தது. எடை இயந்திரம் காட்டும் எண்ணைவிட, உள்ளே நடக்கும் வளர்சிதை மாற்றக் கோளாறுதான் முக்கியம் என்று இதற்குப் பொருள். ஆனால் பல ஆண்டுகளாக, 1991இல் அமெரிக்காவின் தேசிய சுகாதாரக் கழகம் வகுத்த 40 அல்லது நோயோடு 35 என்ற எல்லைதான் உலகெங்கும் வாசலில் நின்றது.

நமக்கு இது நேரடியாகத் தொடர்புடையது. தெற்காசியர்களின் உடலில் கொழுப்பு வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் சேர்வது அதிகம். ஐரோப்பியரைவிடக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருகிறது. 2022இல் சர்வதேச அறுவைச் சங்கங்கள் தங்கள் வழிகாட்டலை மாற்றி, உடல் நிறை எண் 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்றன. ஆசியர்களுக்கு 27.5 முதலே அறுவையை ஒரு வாய்ப்பாக முன்வைக்கலாம் என்றும் சேர்த்தன. 27.5 உள்ள ஒவ்வொருவரும் அறுவைக்குப் போக வேண்டும் என்று நான் இதைப் படிக்கவில்லை. மருந்துகளுக்கு அடங்காத சர்க்கரை நோயோடு 32இல் இருக்கும் ஒரு தமிழரிடம் ‘நீங்கள் அவ்வளவு குண்டு இல்லையே’ என்று சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது என்று படிக்கிறேன்.

விலை

அறுவைக்குப் பின் 90 நாட்களுக்குள் ஐந்து பேர் இறந்தார்கள். நானூறு பேருக்கு ஒருவர். ஒப்பீட்டுக் குழுவில் அதே காலத்தில் இறந்தவர்கள் இருவர். தொடக்கத்தில் அலசப்பட்ட 1,164 அறுவைகளில் 151 பேருக்குச் சிக்கல்கள் வந்தன: நுரையீரல் தொற்று, தையல் கசிவு, காயத்தில் சீழ், இரத்தக் கட்டு. அந்த அறுவைகளில் பெரும்பாலானவை வயிற்றைத் திறந்து செய்தவை. இன்று சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியால் ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

பின்னர் வந்த இரண்டு முடிவுகள் பலரும் எதிர்பாராதவை. பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் குடிப்பழக்கச் சிக்கல் ஒப்பீட்டுக் குழுவைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு காணப்பட்டது. மாற்றியமைத்த வயிற்றிலிருந்து மது மிக வேகமாக இரத்தத்தில் ஏறுவது இதற்கு ஒரு விளக்கம். அறுவைக் குழுவில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மது அருந்துவதில் பாதுகாப்பான அளவிலேயே இருந்தார்கள் என்றாலும், ஏற்கெனவே மது பழக்கம் உள்ளவருக்கு இந்தத் தகவல் அறுவைக்கு முன் கிடைத்தாக வேண்டும். இரண்டாவது இன்னும் கனமானது. தற்கொலையும் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதும் சேர்த்து, அறுவைக் குழுவில் 87 பேருக்கும் மற்றதில் 49 பேருக்கும் நிகழ்ந்தன. பெரும்பாலானவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது என்று காட்டிய அதே ஆய்வுதான் இதையும் காட்டியது. காரணத்தை எடை மீண்டும் ஏறியதில் மட்டும் தேட முடியாது. மனநல ஆலோசனையை அறுவைக்கு முன் ஒரு கையொப்பமாக முடித்துவிடும் வழக்கம் மாற வேண்டும். அது அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும்.

உணவின் கணக்கும் வாழ்நாள் கணக்கு. பைபாஸுக்குப் பின் இரும்புச்சத்து, பி12, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளை நிறுத்தவே முடியாது. முதல் வாரங்களில் வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் பி1 வைட்டமின் தீர்ந்து மூளை பாதிக்கப்படும். அதைச் சாதாரண வாந்தி என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பையில் கற்கள் வரலாம். சைவ உணவுக்காரர்கள் புரதத்துக்குத் தனியாகத் திட்டமிட வேண்டும்: கைப்பிடி அளவு வயிற்றில் சோற்றுக்கு முன் பருப்பு, பனீர், தயிர், சுண்டல் என்ற வரிசை.

எஸ்.ஓ.எஸ். சொல்லாதது

இந்த ஆய்வுக்கு எல்லைகள் உண்டு. சீட்டுக் குலுக்கிப் பிரித்ததல்ல. பங்கேற்றவர்கள் ஏறத்தாழ முழுவதும் வெள்ளையர்கள். செய்யப்பட்ட முறைகளில் பைபாஸ் தவிர மற்றவை பழையவை. முதல் குறையைப் பின்னாளைய சிறிய ஆய்வுகள் ஓரளவு ஈடுசெய்தன. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 150 சர்க்கரை நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்துப் பார்த்தபோது, ஐந்தாம் ஆண்டில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 6 சதவீதம் அல்லது அதற்குக் கீழ் இருந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், பைபாஸில் 29, ஸ்லீவில் 23.

இப்போது புதிய ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. செமாகுளூடைட் சுமார் 15 சதவீதமும் டிர்செபடைட் அதன் உயர்ந்த அளவில் சுமார் 21 சதவீதமும் எடையைக் குறைத்தன. அவை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் கணக்குகள். ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது. பலருக்கு இவை அறுவையின் தேவையையே நீக்கக்கூடும். சிலருக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் துணையாகலாம். ஸ்வீடனின் பைபாஸ் குழு பதினைந்து ஆண்டுகள் தாங்கிய 27 சதவீதத்தோடு அவற்றை ஒப்பிட இன்னும் காலம் வேண்டும்.

ஸ்லீவுக்கும் அதே அளவுகோல் பொருந்தும். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகள் அதிகம் முன்வைக்கும் அந்த முறை, எஸ்.ஓ.எஸ். ஆள்சேர்ப்பு முடிந்த பிறகே பரவலானது. எனவே அதைச் செய்துகொள்ளப் போகிறவர், மருத்துவமனையிடம் ஓராண்டுப் புகைப்படங்களுக்குப் பதிலாக மூன்று விவரங்களைக் கேட்கலாம்: ஐந்து ஆண்டுகளுக்கு முன் இங்கே இதைச் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்கள் தொடர்பில் இருக்கிறார்கள், அவர்களின் எடையும் சர்க்கரையும் இன்று என்ன, எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது.